இதை எப்படிக் கழுவுகிறார்கள்?

லண்டனில் இருக்கும் என் ஒன்றுவிட்ட தங்கை கடைசியாக யாழ்ப்பாணத்தில் எங்கள் ஊரான கோண்டாவிலுக்கு வந்தபோது அம்மாவுக்கு ஒரு குஷன் கொண்டுவந்தாள். கடும் நீலத் துணி. உற்றுப் பார்த்தால் நூலுக்குள் ஒரு நகரமே ஒளிந்திருக்கிறது: பிக் பென் கோபுரம், பெரிய ராட்டினம், டவர் பாலம், புனித பவுல் பேராலயத்தின் மாடம். அங்கே சுரங்க ரயிலின் இருக்கைகளுக்குப் போர்த்தும் துணி இதுதான், நினைவுப் பொருளாகவும் விற்கிறார்கள் என்றாள். அம்மா மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு அதை ஒருமுறை மேலிருந்து கீழாகவும் ஒருமுறை கீழிருந்து மேலாகவும் தடவினார். தடவும் திசைக்கேற்ப நிறம் கொஞ்சம் மாறியது. பிறகு கேட்டார்: தினமும் இத்தனை ஆயிரம் பேர் இருந்து எழும்பும் துணியை எப்படிக் கழுவுகிறார்கள்?

பன்னிரண்டு வருடமாக அந்த ரயிலில் வேலைக்குப் போய்வரும் தங்கையிடம் அதற்குப் பதில் இல்லை. எனக்கும் இல்லை. அதன்பின் அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு பல நகரங்களின் சுரங்க ரயில்களைப் பற்றித் தேடித் தேடிப் படித்தேன். ஒரு பெட்டியின் உட்புறம் சுகமாக இருக்குமா, சுத்தமாக இருக்குமா என்பதில் பெரும்பகுதி, முதல் பயணி அதற்குள் கால் வைக்குமுன்பே வரைபட மேசையில் தீர்ந்துவிடுகிறது. மிச்சம், வண்டி கடைசி நிலையத்தில் நிற்கும் நிமிடங்களில் தீர்கிறது. “எங்கள் சனம் திருந்தாது” என்று நாம் பெருமூச்சு விடுவதற்கு அதில் மிகச் சிறிய இடமே இருக்கிறது.

அந்தத் துணியிலிருந்தே தொடங்கலாம். மொக்கெட் என்று அதற்குப் பெயர். துவாயைப் போல நூல் நிமிர்ந்து நிற்கும் நெசவு; பெரும்பகுதி கம்பளி, கொஞ்சம் நைலோன். கம்பளி எளிதில் தீப்பிடிக்காது, சீக்கிரம் தேயாது, குளிர் நாட்டில் உட்காரும்போது சில்லென்று இருக்காது. 1930களின் பிற்பகுதியில் எனிட் மார்க்ஸ் என்ற வடிவமைப்பாளர் லண்டன் வண்டிகளுக்கு இத்துணியில் கோலங்கள் வரைந்து கொடுத்தார். கோலம் கண்ணைக் கூசவைக்கக் கூடாது, அழுக்கேறிய பிறகும் புதிதுபோலத் தெரிய வேண்டும் என்பவை அந்த வேலையின் நிபந்தனைகள். அழகிய வேலை, நான் மதிக்கும் வேலை. ஆனாலும் அம்மாவின் கேள்விக்கு அது பதில் இல்லை. கோலம் அழுக்கை மறைக்கிறது, அகற்றுவதில்லை. நம்மூர்ப் பெண்கள் வெளியூர்ப் பயணத்துக்குக் கடும் நிறச் சேலையை எடுத்து உடுப்பதும் இதே கணக்குத்தான். வீட்டுக்கு வந்ததும் அதைத் துவைக்கப் போடுவார்கள். இருக்கைத் துணியை ஒவ்வொரு பயணத்துக்குப் பிறகும் யாரும் கழற்றித் துவைக்கப் போடுவதில்லை.

சுகம் என்றால் மெத்தை என்று எண்ணுவது மிகப் பழைய பழக்கம். லண்டனில் முதல் சுரங்க ரயில் 1863 இல் நீராவியில் ஓடியது. ஆழத்தில் குடையப்பட்ட முதல் மின்சார ரயில் 1890 இல் வந்தது. சுரங்கத்துக்குள் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது என்று நினைத்த அதன் வடிவமைப்பாளர்கள், யன்னலை வெறும் கீற்றாகச் சுருக்கி, இருக்கையின் முதுகுப் பக்கத்தைக் கூரைக்கு அருகே வரை மெத்தையால் உயர்த்திவிட்டார்கள். நிலையம் வரும்போது ஊழியர் பெயரைக் கத்திச் சொல்ல வேண்டியிருந்தது. மக்கள் அந்தப் பெட்டிக்கு வைத்த பெயர் “மெத்தை போட்ட சிறையறை”. யன்னல் காட்சிக்காக மட்டும் இருப்பதில்லை. எங்கே இருக்கிறோம், எப்போது இறங்குவோம் என்ற நிம்மதியும் அதன் வழியாகத்தான் வருகிறது. அந்த நிம்மதியில்லாத மெத்தையை யாரும் விரும்பவில்லை.

மெத்தை மயக்கத்தின் உச்சத்தைப் பார்க்க சான் பிரான்சிஸ்கோவுக்குப் போக வேண்டும். 1972 இல் அங்கே பார்ட் என்ற புதிய ரயில் திறக்கப்பட்டபோது, சொந்தக் கார் வைத்திருப்பவர்களை ரயிலுக்கு இழுப்பதே நோக்கமாக இருந்தது. அதனால் அகன்ற கம்பளி இருக்கைகள், தரை முழுவதும் கம்பளம் என்று வரவேற்பறையைப் போலப் பெட்டியைச் செய்தார்கள். நாற்பது வருடத்துக்குள் அந்த வரவேற்பறை என்ன ஆனது? 2011 இல் ஒரு செய்தி நிறுவனம் ஓர் இருக்கையிலிருந்து மாதிரி எடுத்து ஆய்வுகூடத்தில் பரிசோதிக்கச் செய்தது. மலத்தோடு தொடர்புடைய பக்டீரியாவும் பூஞ்சணமும் இருந்தன. மேற்பரப்பைக் கிருமிநாசினியால் துடைத்த பிறகும் கிருமிகள் முழுமையாகப் போகவில்லை, ஏனென்றால் அவை துணிக்குள்ளும் அடியிலும் இருந்தன. அடுத்த வருடமே கம்பளியைக் கழற்றி, நாம் றெக்சின் என்று சொல்லும் வகையைச் சேர்ந்த வினைல் இருக்கைகளைப் போடத் தொடங்கினார்கள். கம்பளமும் போயிற்று. 1976 இல் கம்பளத் தரையோடு தொடங்கிய வாஷிங்டன் மெட்ரோவும் 2015 இல் வந்த தன் புதிய பெட்டிகளில் அதைக் கைவிட்டது. இவை ஏழை நகரங்கள் அல்ல, கழுவ ஆளில்லாத நகரங்களும் அல்ல. கழுவ முடியாத பொருளைத் தெரிவு செய்த நகரங்கள்.

வெப்பமும் ஈரமும் கூடிய ஆசிய நகரங்கள் இந்த விடயத்தில் நேர்வழியாகவே யோசித்தன. ஹொங்கொங் ரயில் 1979 இல் ஓடத் தொடங்கியது முதல் அதன் இருக்கைகள் வெறும் துருப்பிடிக்காத உருக்கு. சிங்கப்பூர் 1987 இல் கடினமான பிளாஸ்டிக்கை எடுத்தது. சென்னை மெட்ரோ 2015 ஜூனில் திறக்கப்பட்டபோது அதுவும் மெத்தையில்லாத நீள் இருக்கைகளோடுதான் வந்தது. வியர்வை நனைந்த சட்டையோடு ஒருவர் இருந்து எழும்பினால், அடுத்தவர் கைக்குட்டையால் ஒரு தடவை துடைத்துவிட்டு உட்காரலாம். பஞ்சு இல்லை, அதனால் பஞ்சுக்குள் போகும் எதுவும் இல்லை.

இங்கே நான் பட்ட ஓர் அனுபவத்தைச் சொல்ல வேண்டும். ஒரு மழைக்காலத்தில் கொழும்பு வெள்ளவத்தையிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு இரவு பஸ் ஒன்றில் வந்தேன். சொகுசு பஸ் என்று கூடக் காசு வாங்கினார்கள். கருஞ்சிவப்பு வெல்வெட் போன்ற துணி இருக்கை, குளிரூட்டி, நீலத் திரைச்சீலை. ஏறி உட்கார்ந்ததும் முதுகு ஈரமானது. முந்திய பயணத்தில் யாரோ நனைந்த உடுப்போடு இருந்திருக்கிறார். அதற்கு முன்னொரு நாள் யாரோ சத்தி எடுத்திருக்கிறார். இரண்டு மணமும் அந்தப் பஞ்சுக்குள் இருந்தன, அவற்றுக்கு மேலே தெளித்த எலுமிச்சை வாசனையும் சேர்ந்து. யன்னல் திறக்காது. விடியும்வரை கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு வந்தேன்.

காலையில் பயணப்பையை எடுப்பதற்காகக் காத்திருந்தபோது அந்த பஸ்ஸைத் துப்புரவு செய்த பையனைப் பார்த்தேன். பதினெட்டு வயது இருக்கலாம். கையில் ஒரு தும்புத்தடி, அரை வாளித் தண்ணீர். ஒவ்வோர் இருக்கையின் இரும்புக் காலும் தரையில் ஆணி முறுக்கிப் பூட்டப்பட்டிருந்தது. கால்தகடுக்கும் தரையின் வரி வரியான றப்பருக்கும் இடையில் கச்சான் கோது இறுகிப் போய்க் கிடந்தது. தும்புத்தடி அதைத் தொடவில்லை. அவன் குந்தியிருந்து, சட்டைப் பையிலிருந்து ஓர் ஈர்க்கை எடுத்து, ஒவ்வொரு காலடியாகக் கிண்டிக் கிண்டி எடுத்தான். நாலாவது வரிசையில் ஈர்க்கு முறிந்தது. இன்னொன்றை எடுத்தான். ஏழாவது வரிசைக்கு வருவதற்குள் அடுத்த பயணத்துக்குப் பொதி ஏற்ற வேண்டும் என்று வெளியே இருந்து ஒருவர் சத்தம் போட்டார். மிச்ச வரிசைகளுக்கு மேலோட்டமாகத் தும்புத்தடியை இழுத்துவிட்டு இறங்கிவிட்டான்.

அந்தப் பையன் சோம்பேறி இல்லை. ஈர்க்கால் கிண்ட வேண்டிய ஒரு தரையை அவனிடம் கொடுத்தது யார் என்பதே கேள்வி. உலகில் இப்போது வரும் பல சுரங்க ரயில் பெட்டிகளில் இருக்கைக்குக் காலே இல்லை. பக்கச் சுவரிலிருந்து நீட்டி, அந்தரத்தில் நிற்பதுபோல் பொருத்துகிறார்கள். கீழே ஒரு தடையும் இல்லாததால் ஈரத்துடைப்பம் ஒரே இழுவையில் பெட்டியின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போகிறது. தரைவிரிப்பு சுவரைத் தொடும் இடத்தில் செங்கோணமாக முடியாமல், வளைந்து சுவரில் கொஞ்சம் ஏறி நிற்கிறது. மூலை இல்லாவிட்டால் மூலையில் அழுக்கு இல்லை. நம்மூர்ச் சீமெந்துக் குளியலறையில் நல்ல மேசன் சுவரோரத்தை வழித்து வளைத்து விடுவார் அல்லவா, அதே சூட்சுமம். கழுவுபவரின் இடுப்பையும் முழங்காலையும் நினைத்து வரைந்த கோடு அது.

இருக்கைகளை எப்படி அடுக்குவது என்பதும் இதே மாதிரியான ஒரு தீர்மானம். ஓரமாக நீளப் போட்டால் நடுவில் நிற்க இடம் கிடைக்கும். குறுக்கே போட்டால் உட்கார அதிகம் பேருக்கு இடமும், யன்னலோரச் சுகமும். பத்து நிமிடம் போகிறவருக்கு முதலாவது சரி. தோக்கியோவில் ஏழு பேருக்கான நீள் இருக்கையில் ஆறு பேர் பரவி உட்காரும் தொல்லை இருந்தது. அறிவிப்புப் பலகையால் திருத்த முடியாததை இரண்டு கம்பிகளால் திருத்தினார்கள்: இரண்டு, மூன்று, இரண்டு என்று இருக்கையைப் பிரிக்கும் இடங்களில் நிலைக்கம்பிகளை நட்டார்கள், ஒவ்வொருவருக்கும் ஒரு குழிவும் வைத்தார்கள். எழுந்து நிற்கும் முதியவருக்கு அந்தக் கம்பியே பிடியும் ஆயிற்று. பாரிஸில் கதவோரத்தில் மடக்கு இருக்கைகள் உண்டு. கூட்டம் இல்லாதபோது விரித்து உட்காரலாம், கூட்டம் ஏறினால் எழுந்துவிட வேண்டும், இருக்கை தானாக மடங்கிக்கொள்ளும். அங்கே தமிழ்க் கடைகள் நிறைந்த லாச்சப்பலில் மரக்கறியும் முருங்கைக்காயும் வாங்கிக்கொண்டு இரண்டாம் இலக்க வண்டியில் ஏறும் நம்மவர்கள் அந்த இருக்கையிலிருந்து யாரும் சொல்லாமலே எழும்பி நிற்கிறார்கள். அதே மனிதர்கள் விடுமுறைக்கு ஊருக்கு வந்து பஸ்ஸில் கச்சான் கோதைக் காலடியில் போடுகிறார்கள். கடல் தாண்டியபோது குணம் மாறியதா? மாறியது, அவர்கள் உட்கார்ந்திருக்கும் இடம்.

கைப்பிடிக் கம்பியின் நிறத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. பிரித்தானியாவில் 1998 இல் வந்த அணுகல் விதிகள், கம்பி அதன் சூழலிலிருந்து வேறுபட்டுத் தெரிய வேண்டும் என்றன. லண்டன் வண்டிகளில் மஞ்சளும் நீலமும் சிவப்புமாகக் கம்பிகள் பளிச்சிடுவது அழகுக்காக மட்டும் அல்ல. கண்ணில் வெண்புரை படர்ந்த என் அம்மாவுக்கு, சாம்பல் சுவருக்கு முன்னால் நிற்கும் வெள்ளிக் கம்பி இல்லாத கம்பிதான். ஒரு வாளி மஞ்சள் வர்ணத்தில் தீரும் துன்பம் இது.

காற்றும் வெப்பமும் பற்றிச் சொல்லாமல் சுகத்தைப் பேச முடியாது. லண்டனின் ஆழச் சுரங்கங்களைச் சுற்றியிருக்கும் களிமண், 1900 வாக்கில் ஏறத்தாழ 14 பாகை செல்சியஸில் இருந்தது. கோடையில் நகரின் குளிர்ந்த இடம் இதுதான் என்று அக்காலத்தில் விளம்பரமே செய்தார்கள். நூறு வருடமாக வண்டிகள் தடுப்பு அழுத்தி நிற்கும்போது பிறக்கும் வெப்பத்தைக் களிமண் குடித்துக் குடித்து, இன்று பல இடங்களில் 20 பாகையைத் தாண்டி நிற்கிறது. குளிரூட்டி போட்டால் அது கக்கும் சூடு அதே ஒடுங்கிய சுரங்கத்துக்குள்தான் போக வேண்டும். சுரங்கத்தின் விட்டமோ சுமார் மூன்றரை மீற்றர். இதனால் 2010 இல் குளிரூட்டிய வண்டிகள் வந்தபோது தரைக்குச் சற்றுக் கீழே மட்டும் ஓடும் ஆழமில்லாத பாதைகளுக்கே முதலில் வந்தன. இன்னொன்று, இரும்புத் தூசு. சில்லும் தண்டவாளமும் தடுப்புக் கட்டையும் உராய்ந்து பிறப்பது. தங்கை சொன்னாள், வேலையால் வந்து மூக்கைச் சிந்தினால் கைக்குட்டை கறுக்குமாம்.

யாழ்ப்பாணத்துக்குச் சுரங்க ரயில் வரப்போவதில்லை. நம் காலுக்குக் கீழே சுண்ணக்கல்லும் அதன் குகைகளில் தண்ணீரும். நிலாவரைக் கிணற்றை எட்டிப் பார்த்தவருக்கு இங்கே ஏன் சுரங்கம் குடைய முடியாது என்று விளக்கத் தேவையில்லை. நமக்கு இருப்பது காங்கேசன்துறைப் பாதை. 1905 இல் முழுமையாகத் திறந்து, 1956 இல் யாழ்தேவி ரயிலைக் கண்டு, 1990 இல் போரால் நின்றது. தண்டவாளமும் சிலிப்பர் கட்டையும் பதுங்குகுழிகளுக்குப் போயின. 2014 ஒக்டோபரில்தான் மீண்டும் யாழ்ப்பாண நிலையத்துக்கு ரயில் வந்தது. இருபத்துநான்கு வருடம். அன்று மேடையில் நின்ற இளைஞர்களில் பலருக்கு வாழ்க்கையில் பார்த்த முதல் ரயில் அதுதான். ரயில் வந்ததே போதும் என்ற அந்த மனநிறைவை நான் அறிவேன், அன்று எனக்கும் கண் கலங்கியது. ஆனால் அந்த நிறைவிலேயே தங்கிவிட்டோம் என்று நினைக்கிறேன். பெட்டிக்குள் என்ன பொருளைப் போடுகிறீர்கள் என்று கேட்கும் பழக்கம் நமக்கு இன்னும் வரவில்லை. 2019 ஜனவரியில் உத்தரதேவி என்ற புதிய ரயில் ஓடத் தொடங்கியபோதும் நேரமும் கட்டணமும்தான் ஊர்ப் பேச்சாக இருந்தன. அந்த வண்டிகளைக் கட்டிய சென்னைப் பெரம்பூர்த் தொழிற்சாலைக்கு நம் மண்ணின் தூசு எந்த நிறம் என்று தெரிந்திருக்க நியாயமில்லை. நாம்தான் சொல்ல வேண்டும்.

தூசின் நிறம் சின்ன விடயம் இல்லை. லண்டனின் அழுக்கு கரியது. அதற்கேற்பக் கடும் நீலமும் கறுப்பும் கலந்த கோலம். சுன்னாகம், மல்லாகம், தெல்லிப்பழை வழியாக வரும் வண்டிக்குள் யன்னலால் நுழைவது செம்மண். வெளிர் நீலத்திலும் சாம்பலிலும் அது இரண்டு நாளில் துரு ஏறியதுபோல் தெரியும். ஆனையிறவில் உப்புக் காற்று. துருப்பிடிக்கும் ஆணியை அங்கே போட்டவர் இரண்டு மழைக்காலத்துக்குள் வருந்துவார்.

ஹொங்கொங்கைப் பார்த்து உருக்கு இருக்கை கேட்க மாட்டேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். கொழும்புக் கோட்டையிலிருந்து யாழ்ப்பாணம் ஏறத்தாழ 400 கிலோமீற்றர். ஆறு ஏழு மணித்தியாலம் உருக்கில் இருக்க எந்த முதுகாலும் முடியாது. நமக்கு மெத்தை வேண்டும். அந்த மெத்தைக்கு மேலே தண்ணீர் இறங்காத, தையல் ஓட்டை குறைந்த றெக்சின் வேண்டும். பழுதானால் ஓர் இருக்கையை மட்டும் கழற்றி மாற்ற முடிய வேண்டும். சாப்பாட்டுத் தடையும் நமக்குச் சரிவராது. சிங்கப்பூர் ரயிலில் தின்றால் குடித்தால் 500 டொலர் வரை தண்டம், டூரியன் பழத்துக்கு அனுமதியே இல்லை. இருபது நிமிடப் பயணத்தில் அது நியாயம். நம் பயணத்தில் பாதி இன்பமே அறிமுகமில்லாத ஒருவர் எதிரே இருந்து வாழையிலைப் பொதியை அவிழ்த்து, கொஞ்சம் எடுங்கள் தம்பி என்று நீட்டுவது. வடையும் கச்சானும் விற்று நாலு குடும்பம் அந்தப் பாதையில் வாழ்கிறது. ஆகவே தின்னத்தான் போகிறோம் என்று ஒப்புக்கொண்டு தரையை வரைய வேண்டும்: காலில்லாத இருக்கை, வளைந்த ஓரம், கைக்கு எட்டும் இடத்தில் கோது போட ஒரு கூடை.

வரைபடம் எவ்வளவு சரியாக இருந்தாலும் கழுவ நேரமும் ஆளும் இல்லாவிட்டால் ஒன்றும் நடக்காது. நியூயோர்க்கின் கதை அதற்குச் சான்று. 1980களின் தொடக்கத்தில் அந்நகரச் சுரங்க ரயில்கள் உள்ளும் புறமும் வர்ணக் கிறுக்கல்களால் மூடிக் கிடந்தன. இளைஞர்களைத் திட்டியும் வேலி போட்டும் நாய் விட்டும் பார்த்தார்கள். 1984 இல் பொறுப்பேற்ற டேவிட் கன் வேறு ஒரு விதியைக் கொண்டுவந்தார்: ஒருமுறை சுத்தமாக்கிய வண்டியில் மறுபடி யாராவது கிறுக்கினால், அதைத் துடைக்கும்வரை அந்த வண்டி பயணிகளோடு ஓடாது. கிறுக்கியவனின் வேலையை ஊர் பார்க்கவே முடியாமல் போயிற்று. தொடர் தொடராகச் சுத்தமாக்கி, 1989 மே 12 அன்று கிறுக்கலோடு இருந்த கடைசி வண்டியையும் ஓட்டத்திலிருந்து எடுத்தார்கள். நகரவாசிகள் ஐந்து வருடத்தில் புதிய பிறவி எடுக்கவில்லை. துடைப்பவர்களுக்கு ஆள்பலமும் நேரமும் கிடைத்தன. துடைக்காத வண்டி ஓடாது என்ற அதிகாரமும் அவர்கள் கையில் இருந்தது.

காங்கேசன்துறையில் வந்து நிற்கும் வண்டிக்கும் அது பொருந்தும், முனியப்பர் கோவிலடியில் நிற்கும் இரவு பஸ்ஸுக்கும் பொருந்தும். நீளமான குழாய், அழுத்தமுள்ள தண்ணீர், பெட்டிக்குள் எட்டும் வெளிச்சம், பயணிகள் இறங்கியதற்கும் அடுத்தவர் ஏறுவதற்கும் இடையில் பூட்டிவைத்த ஓர் அரைமணித்தியாலம். பஸ் உரிமையாளர் இருக்கைத் துணி தெரிவு செய்யப் போகும்போது கூடவே அந்தப் பையனையும் கூட்டிக்கொண்டு போனால் வெல்வெட்டை அவன் வாங்க விடமாட்டான்.

அம்மா அந்தக் குஷனை மூன்று வாரம் கதிரையில் வைத்துப் பார்த்தார். செம்மண் படியத் தொடங்கியதும் ஒருமுறை சவர்க்காரத்தில் ஊறப்போட்டார். மார்கழி மழையில் கொடியில் நாலு நாள் ஈரமாகவே தொங்கியது. பிறகு அப்பாவின் பழைய வேட்டியொன்றை வெட்டி, நாடா வைத்து முடியும் வெள்ளை உறை ஒன்று தைத்துப் போட்டார். வெள்ளிக்கிழமைகளில் உறையை மட்டும் கழற்றித் துவைக்கிறார்.